அசையாதே: பெரிய காமிராவின் அவசரமும் நிறுத்திவைக்கப்பட்ட உடல்களும்

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூர் பொதுக்கூட்டத் திடலில் ஹரிபாபு என்ற இளைஞர் எடுத்த பத்துப் படங்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அவர் கையில் இருந்தது 'சைனான்' என்கிற 35 மி.மீ. காமிரா. ஊர் ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருக்கிற சாதாரணச் சரக்கு. குண்டு வெடித்ததில் ராஜீவ் காந்தியும் சுற்றி நின்ற பலரும் செத்தார்கள். ஹரிபாபுவும் செத்தார். காமிரா பிழைத்துக்கொண்டது. உள்ளே இருந்த பிலிமைக் கழுவிய பிறகுதான் சந்தன மாலையோடு காத்திருந்த பெண்ணின் முகம் புலனாய்வுக்குக் கிடைத்தது. பிறகு வந்த அரசின் கதையாடல் பெருமளவுக்கு அந்தப் பத்துச் சட்டகங்களின்மேல்தான் நின்றது.

அந்த வழக்கு இந்தக் கட்டுரையின் பொருள் அல்ல. அந்தப் பத்து என்கிற எண்தான் பொருள். சுருள் பிலிம் இருந்ததால் பத்து. அதே இடத்தில் முக்காலியும் துருத்தியும் கறுப்புத் துணியும் கொண்ட பெரிய காமிராவோடு ஒருவர் நின்றிருந்தால் ஒன்று கிடைத்திருக்கும், மிஞ்சிப்போனால் இரண்டு. இதை வைத்து நாம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம்: சின்னக் காமிரா வேகமானது, பெரிய காமிரா மெதுவானது. மெதுவானது என்பதால் நிதானமானது, மரியாதையானது என்று அடுத்த படிக்கும் தாவிவிடுகிறோம். இன்று பெரிய காமிராவுக்குத் திரும்பிப் போயிருக்கிற சிலர் அதைப் பற்றிப் பேசும்போது ஏதோ யோகாசனம் பற்றிப் பேசுவதுபோல இருக்கிறது. தியானம் என்கிறார்கள். காத்திருத்தல் என்கிறார்கள். மலையையும் மரத்தையும் எடுக்கிறவர்களுக்கு அது பொருந்தலாம். மனிதர்களை எடுத்த வரலாற்றில், அதிலும் சென்னை மாகாணத்தின் வரலாற்றில், பெரிய காமிரா ஒருநாளும் நிதானமாக இருந்ததில்லை. எப்போதும் கடிகாரத்தோடு மல்லுக்கு நின்றது. தன்னால் வேகமாக இயங்க முடியாத ஒரு கருவி அவசரத்தை எப்படிச் சமாளித்தது? எதிரே இருப்பவரை நிறுத்திவைத்துச் சமாளித்தது. அந்த நிறுத்தலுக்கு ஒரு அரசியல் உண்டு.

கருவி எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடுவது நல்லது. நம் விமர்சனங்களில் வழக்கமாகத் தவறவிடப்படும் பகுதி இது. 'பிம்ப அரசியல்' என்று பக்கம் பக்கமாக எழுதுவோம், பிம்பத்தை உண்டாக்கிய கை என்ன செய்தது என்று பார்க்க மாட்டோம்.

1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத் தகட்டு முறை சுமார் முப்பது ஆண்டுகள் உலகெங்கும் ஆட்சி செய்தது. வெடிபஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் பாகுபோல ஒரு திரவம் வரும், கொலோடியன். அதை ஒரு கண்ணாடித் தகட்டின் நடுவில் ஊற்றி, நாலு மூலைக்கும் சரித்துச் சரித்துப் பரவ விட வேண்டும், மிச்சத்தைச் சீசாவுக்குள் வடிக்க வேண்டும். தோசை வார்ப்பதைவிடக் கஷ்டமான கைவேலை. பிறகு இருட்டில் வெள்ளி நைட்ரேட் தொட்டியில் சில நிமிடம். எடுத்து ஈரம் சொட்டச் சொட்டப் பெட்டியில் மாட்டி, ஓடிப்போய்க் காமிராவில் செருகி, மூடியைத் திறந்து, மனசுக்குள் எண்ணி, மூடி, மறுபடி இருட்டுக்கு ஓடி, அன்னபேதிக் கரைசலை ஊற்றிப் படத்தை வரவழைத்து, கழுவி, நிலைநிறுத்த வேண்டும். தகடு காய்ந்துவிட்டால் எல்லாம் போச்சு. குளிர் நாட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் அவகாசம் கிடைக்கும். ஈதரோ ஏறத்தாழ 35 பாகை செல்சியசில் கொதித்துவிடும். சித்திரை வைகாசியில் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் நிழலிலேயே அதைத் தாண்டும். ஊற்றும்போதே ஆவியாகிவிடுகிற ஒன்றை வைத்துக்கொண்டு படம் எடுப்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. அன்றைக்குப் படத்தைப் பெரிதாக்கிப் போடும் வழக்கம் கிடையாது. நெகடிவை அப்படியே தாளின்மேல் வைத்து வெயிலில் காட்டுவார்கள். எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய நெகடிவ், அவ்வளவு பெரிய காமிரா. இருட்டறையும் கூடவே வர வேண்டும். கூடாரம், ரசாயனப் பெட்டிகள், கண்ணாடி அடுக்கு, தண்ணீர். யார் சுமந்தார்கள்? மாட்டு வண்டி எந்த ஊருடையது? வறண்ட ஊரில் படம் கழுவக் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்த பெண் யார்? காலனிய ஆல்பங்களில் எடுத்தவர் பெயர் இருக்கும், அவருடைய ரெஜிமெண்ட் இருக்கும். தகடு காய்வதற்குள் ஓடியவர்களின் பெயர் இருக்காது.

இந்த ஓட்டத்திலிருந்து தப்பிக்க வழி தேடியவர் லின்னேயஸ் டிரைப். கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1855இல் பர்மா அரசவைக்குப் போன தூதுக்குழுவோடு போய், மழைக்கும் உடம்பு சரியில்லாததற்கும் நடுவே 200க்கு மேற்பட்ட நெகடிவ்கள் எடுத்துவந்தார். அடுத்த ஆண்டு சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். கண்ணாடியை நம்பாமல் மெழுகு தோய்த்த காகித நெகடிவைக் கையிலெடுத்தார். காகிதத்தை முன்கூட்டியே தயாரித்து வைக்கலாம், எடுத்த பிறகு சாவகாசமாகக் கழுவலாம், உடையாது. காகிதத்துக்கு வெளிச்சம் மிக மெதுவாகத்தான் ஏறும் என்பதே அதன் விலை. மூடியை நிமிடக் கணக்கில் திறந்துவைக்க வேண்டும்.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி, அடுத்த ஆண்டு கோடையில் சென்னைக்குத் திரும்பினார். நாலைந்து மாதம். ஒவ்வொன்றும் பதினைந்துக்குப் பன்னிரண்டு அங்குலம் இருக்கிற நெகடிவ்கள். வடக்கே கிளர்ச்சி இன்னும் அடங்காத நேரம் அது. வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும், அரசுக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். அப்படி எடுத்த படங்களில் மதுரைக் கோயிலின் மண்டபங்களைப் பார்த்தால் ஊரே காலிசெய்துகொண்டு போனதுபோல இருக்கும். ஒருவேளை ஆட்களை விலக்கினார்கள். ஒருவேளை நடந்தவர்கள் காகிதத்தில் பதியவேயில்லை. நடப்பவர்களைப் பதிக்க அந்தக் காகிதத்துக்கு முடியாது. நின்றால்தான் உண்டு. நம் தொல்லியல் ரசனைக்கு இன்றுவரை பிடித்திருக்கிற 'ஆளில்லாத கோயில்' என்கிற காட்சி எப்படி உருவாயிற்று என்று கேட்டால், அதில் ரசாயனத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பூ விற்றவள், பண்டாரம், தூணில் சாய்ந்து தூங்கியவன் எல்லாரும் வேகம் போதாத காகிதத்தால் நீக்கப்பட்டார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த ஒரு வேலையை மட்டும் வியக்காமல் இருக்க முடியாது. விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை, காமிராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே படமாக்கினார். நிழல் நகர்வதற்குள், வெளிச்சம் மாறுவதற்குள், ஒவ்வொரு துண்டின் விளிம்பும் அடுத்ததோடு பொருந்த வேண்டும். அவசரத்தை முறையாக மாற்றியவர் என்றால் அவர்தான். அதே கோயிலின் வெளி மதிலில் ராஜராஜன் குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்த வீடு என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டிருக்கிறது. பதினோராம் நூற்றாண்டு அதிகாரம் தன் ஊழியர்களைப் பெயர் சொல்லிக் கணக்கெடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகைப்பட அதிகாரத்துக்கு அது தேவைப்படவில்லை. 1859இல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று டிரைப்பின் துறையையே மூடிவிட்டார். கற்களின் அத்தியாயம் அத்தோடு நின்றது.

மனிதர்களின் அத்தியாயத்துக்கு வில்லோபி வாலஸ் ஹூப்பர் வேண்டும். இவரும் சென்னைப் படை, குதிரைப்படை அதிகாரி. 1860களில் மத்திய மாகாணங்களில் சாதிகளையும் பழங்குடிகளையும் படமெடுக்க அனுப்பப்பட்டவர். 1868 முதல் எட்டுத் தொகுதிகளாக வந்த 'இந்திய மக்கள்' என்ற அரசாங்கப் பட வரிசைக்கு அவருடைய படங்கள் போயின. நம் பக்கம் அவர் பெயர் நினைவில் நிற்பது தாது வருஷப் பஞ்சத்தால்.

1876 முதல் 1878 வரை. தென்னிந்தியாவில் மட்டும் 50 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் லிட்டன் பிரபு விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாக அறிவித்துத் தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். அதே மாதம் ரிச்சர்டு டெம்பிள் சென்னைக்கு வந்து, நிவாரண வேலை செய்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியை வெட்டினார். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர்வாழப் போதாது என்று எதிர்த்து எழுதினார். இதற்கு நடுவில் ஹூப்பர் காமிராவோடு வருகிறார்.

அவர் எடுத்த படங்களை நம்மில் பலர் எங்கேயாவது பார்த்திருப்போம். பஞ்சத்தைப் பற்றி எந்தப் புத்தகம் வந்தாலும் அட்டையில் இருக்கும். விலா எலும்பு எண்ணக்கூடிய உடல்கள், வரிசையாக, சின்னதை முன்னால் உட்காரவைத்து, பெரியதைப் பின்னால் நிறுத்தி. பள்ளிக்கூடக் குரூப் போட்டோவின் இலக்கணம். சட்டகத்தின் ஓரம் வெட்டுப்படாமல், ஒருவர் முகத்தை ஒருவர் மறைக்காமல், எல்லா எலும்பும் தெரிகிற மாதிரி அடுக்கியிருக்கிறது. அடுக்கியவர் யார்? எவ்வளவு நேரம் ஆயிற்று? அன்றைக்குப் பொது வழக்கில் இருந்தது ஈரத் தகடு. நிழற்பாங்கான இடத்தில் சில விநாடிகளாவது மூடி திறந்திருக்க வேண்டும். தகடு காய்வதற்குள் எல்லாம் முடிய வேண்டும். அதனால் தகடு பூசுவதற்கு முன்பே ஆட்களை அடுக்கி வைத்தாக வேண்டும். அடுக்கியபடி அவர்கள் காத்திருக்க வேண்டும். அந்த உடல்களில் அசைவதற்குத் தெம்பு இல்லை. ஸ்டூடியோவில் கனவான்களின் கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவ்வி வைத்து அசையாமல் நிறுத்துவார்கள், இங்கே அந்தக் கவ்வியின் வேலையைப் பட்டினி செய்தது. சொல்லவே கூசுகிறது. ஆனால் தொழில்நுட்பக் கணக்கில், மெதுவான காமிராவுக்குப் பஞ்சத்தைவிடத் தோதான பொருள் கிடையாது.

பொருள் என்று எழுதியது வேண்டுமென்றேதான். ஒரு படத்தின் தலைப்பு, இலவச நிவாரணத்துக்குத் தகுதியான 'பொருள்கள்' என்ற அர்த்தத்தில் அமைந்தது. அன்றைய அலுவலக ஆங்கிலத்தில் அது இயல்பான சொல்தான் என்று சொல்வார்கள். இயல்பாக இருந்தது என்பதுதானே விஷயம்.

இவ்விடத்தில் எதிர்வாதத்தையும் வைத்தாக வேண்டும். இந்த மாதிரிப் படங்கள் லண்டனுக்குப் போயின. 1877இல் அங்கே படப் பத்திரிகைகள் அவற்றை மரச்செதுக்குகளாக அச்சிட்டன. லண்டன் மேயர் திறந்த நிதியில் லட்சக்கணக்கான பவுண்டு சேர்ந்தது. சென்னையிலிருந்த பத்திரிகையாசிரியர் வில்லியம் டிக்பி நிதி திரட்டுவதில் முன்னின்றவர், பஞ்ச நிர்வாகத்தைப் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதியவர். படம் யாருக்கும் கஞ்சி ஊற்றவில்லை என்று நாம் ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. எடுத்து முடித்ததும் அவர்களைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டார் என்று ஹூப்பர்மேல் பின்னால் கேலியும் கண்டனமும் எழுந்தன. அது உண்மையோ இல்லையோ, விஷயம் அவருடைய நல்ல மனசோ கெட்ட மனசோ அல்ல. காமிராவுக்கு முன்னால் கழிந்த அந்த நேரம் யாருடையது என்பதே கேள்வி. நிவாரண முகாமில் கூலி நேரக் கணக்கில், வேலைக் கணக்கில் அளக்கப்பட்டது. படத்துக்கு நின்ற நேரத்துக்குக் கணக்கு உண்டா?

ஹூப்பர் பஞ்சத்தோடு நிற்கவில்லை. 1885 நவம்பரில் மூன்றாம் பர்மியப் போர். மன்னர் திபாவைப் பிடித்து ரத்னகிரிக்கு அனுப்பிவிட்டு, மாண்டலேயைப் பிடித்த படை எதிர்த்தவர்களையெல்லாம் 'கொள்ளைக்காரர்' என்று பெயர் சூட்டிச் சுட்டுக்கொண்டிருந்தது. ஹூப்பர் அங்கே ராணுவக் காவல்துறைத் தலைவர். மரண தண்டனையை நிறைவேற்றுவது அவர் பொறுப்பு. புகைப்படம் அவர் பொழுதுபோக்கு.

இதற்குள் தொழில்நுட்பம் மாறிவிட்டது. 1871இல் மேடாக்ஸ் முன்வைத்த ஜெலட்டின் உலர்தகடு 1880களில் கடைச் சரக்காகிவிட்டது. பூச வேண்டாம், ஓட வேண்டாம். பெட்டியிலிருந்து எடுத்துச் செருகி ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் படம் எடுத்துவிடலாம். முதன்முறையாகப் பெரிய காமிராவுக்கு 'கணம்' எட்டியது. எட்டியதும் அது என்ன கணத்தைத் தேடிப் போயிற்று என்று பாருங்கள். குண்டு உடலில் பாயும் கணம்.

1886 ஜனவரியில் லண்டன் 'டைம்ஸ்' நிருபர் மொய்லன் அனுப்பிய தந்தி இதைச் சொன்னது. சுடுபவர்கள் துப்பாக்கியைக் குறிவைத்து நிற்கிறார்கள். கைதிகள் எதிரே நிற்கிறார்கள். 'சுடு' என்ற ஆணை வரவில்லை. ஹூப்பர் காமிராவைச் சரிசெய்கிறார். சில நிமிடங்கள்கூட அப்படியே கழிவதுண்டு. அவர் தகட்டைத் திறக்கும் நொடியும் ஆணையும் ஒன்றாக விழ வேண்டும். இதுவரை திருப்தியான நெகடிவ் கிடைக்கவில்லை, சோதனை தொடரும் என்று தெரிகிறது என்றும் தந்தியில் இருந்தது. இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போக முடியவில்லை.

ஏன் அவ்வளவு சிரமம்? தகடு வேகமாகிவிட்டது, காமிரா வேகமாகவில்லை. ஒரு முறைக்கு ஒரு தகடு. அடுத்த தகட்டை மாட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தவறினால் இந்த மனிதன் போய்விட்டான், அடுத்த மனிதனுக்குக் காத்திருக்க வேண்டும். கருவியின் இந்த ஒரே ஒரு வாய்ப்பை ஈடுகட்டச் சாவு நிகழும் நேரமே ஒத்திவைக்கப்பட்டது. பட்டினியில் நின்றவர்களிடம் கேட்டது சில விநாடி அசைவின்மை. இங்கே கேட்டது அதைவிட மேல்: சாகிறவன் காமிராவின் கைக்கு ஏற்பச் சாக வேண்டும்.

பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கேள்வி வந்தது. இந்தியா மந்திரி ராண்டால்ப் சர்ச்சில் பதில் சொல்ல நேர்ந்தது. விசாரணை நடந்தது. மொய்லனுக்கும் ராணுவத்துக்கும் ஏற்கெனவே ஆகாது என்பதும் உண்மை, அதை ஹூப்பர் தரப்பு நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. படம் எடுத்தது மறுக்கப்படவில்லை. தாமதமானதா, எவ்வளவு நேரம் என்பதைப் பற்றித்தான் வாதம். கண்டனம் ஒன்றைச் சொல்லி முடித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே பர்மாவைப் பற்றி நூறு படங்கள் கொண்ட ஆல்பத்தை அவர் வெளியிட்டார். 1896இல் ஓய்வு பெற்றார்.

அந்த விசாரணை பற்றி ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. விநாடிகளைப் பற்றி இவ்வளவு சண்டை போட்டவர்கள், சுட்டுக் கொல்வதற்கு என்ன நியாயம் என்பதில் அந்தளவு சண்டை போடவில்லை. தாமதம் மட்டும்தான் அநாகரிகம். உடனே சுட்டிருந்தால் பிரச்னை இல்லை.

"போட்டோ புடிச்சா ஆயுசு கொறஞ்சிடும்" என்று நம் பாட்டிமார்கள் சொன்னதை மூடநம்பிக்கை என்று சிரித்துத் தள்ளிவிட்டோம். நம் பகுத்தறிவுப் பழக்கம் அப்படி. மாண்டலேயில் அது நேர்ப்பொருளிலேயே உண்மை. தாதுவருஷ முகாம்களில் ஏறத்தாழ உண்மை. காமிராவின் முன் நிற்பதற்குத் தன் ஆயுளிலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்தப் பேச்சு துல்லியமாகப் பிடித்திருக்கிறது.

பயந்தவர்கள் ஓடினார்கள். 1885இல் சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன் அளவுக்கோல், காமிரா சகிதம் தென்னாட்டில் சுற்றி, 1909இல் ஏழு தொகுதிகளில் சாதிகளையும் பழங்குடிகளையும் அடுக்கினார். தன்னைக் கண்டு ஜனங்கள் என்னென்ன நினைத்தார்கள் என்று அவரே வேடிக்கையாக எழுதிவைத்திருக்கிறார். வயநாட்டுப் பணியப் பெண்கள், தங்களில் நல்ல மாதிரிகளாகப் பார்த்துப் பொறுக்கிப் பஞ்சடைத்து மியூசியத்தில் வைக்கப்போகிறார் என்று நம்பினார்களாம். தர்ஸ்டனுக்கு இது ஹாஸ்யம். அவருடைய துறையைப் பற்றி அந்தக் காலத்தில் சொல்லப்பட்ட நல்ல விமர்சனம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. தலையின் அகலம், மூக்கின் நீளம், நேர்முகம், பக்கவாட்டு என்று நிறுத்தி எடுத்த படங்களுக்கும் பஞ்சடைத்த பறவைக்கும் உள்ள தூரம் அதிகமில்லை. ஓடினால் தகட்டில் மங்கல். காலனியப் படங்களில் ஓரத்தில் தெரிகிற அந்த மங்கலான உருவங்களை, ஆட்டிய தலைகளை, இரண்டு முகம்போலத் தெரிகிற குழந்தைகளை நாம் 'கெட்டுப்போன பகுதி' என்று கடந்துவிடுகிறோம். சொன்னபடி நிற்காதவர்களின் ஒரே சுவடு அங்கேதான் இருக்கிறது.

ஊர்களுக்கு ஸ்டூடியோ வந்த பிறகு உறவு கொஞ்சம் மாறியது. காசு கொடுத்து நிற்பவன் வாடிக்கையாளன். "ஆடாம இருங்கண்ணே", "மூச்ச அடக்கிக்குங்க", "கண்ணச் சிமிட்டாதீங்க" என்று கெஞ்சலும் அதட்டலுமாக வேலை நடக்கும். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் சேகரித்திருக்கிற பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களில் நாற்காலிக் கையைப் பிடித்திருக்கும் விறைப்பான விரல்களைப் பார்த்தால் அந்தக் குரல் கேட்கும். சாவு வீட்டுக்கும் காமிரா போனது. இறந்தவரை உட்காரவைத்து மாலை போட்டுச் சுற்றிலும் குடும்பம். தகனத்துக்கு எடுப்பதற்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில், படத்தில் மிகத் தெளிவாக விழுந்தவர் இறந்தவர்தான். அழுகிற மற்றவர்கள் அசைந்துவிட்டார்கள்.

பத்திரிகைக்காரர்களின் பெரிய காமிராவும் உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் 1912இல் வந்த 'ஸ்பீடு கிராபிக்' காமிராவுக்குப் பெயரே வேகம். நாலுக்கு ஐந்து அங்குலத் தாள் பிலிம், ஒரு பெட்டியில் முன்னும் பின்னுமாக இரண்டு. எடுக்க வேண்டுமானால் பெட்டியைச் செருகு, மறைப்பை உருவு, ஷட்டரை ஏற்று, எடு, மறைப்பைச் செருகு, பெட்டியைத் திருப்பு, எரிந்துபோன பிளாஷ் பல்பைச் சுடச் சுடக் கழற்றி அடுத்ததை மாட்டு. டில்லியில் 1942 முதல் வேலை செய்த ஹோமாய் வியாரவல்லா சேலை கட்டிக்கொண்டு இந்தப் பாரத்தைத் தூக்கிச் சுமந்து, தலைவர்கள் கூட்டத்தில் முண்டியடித்து எடுத்தார். இங்கே அவசரத்தைத் தாங்கியது எடுப்பவரின் தோள்தான். மவுண்ட்பேட்டனும் நேருவும் அவருக்காக மூச்சை அடக்கி நிற்கவில்லை. அதிகாரம் உள்ளவர் எதிரே இருந்தால் காமிராதான் ஓட வேண்டும் என்பது இந்த ஒப்பீட்டில் நன்றாகத் தெரிகிறது. 1948 ஜனவரி 30 அன்று பிர்லா மாளிகைக்குக் கிளம்பிய அவரைக் கணவர் திரும்ப அழைத்துவிட்டார், அடுத்த நாள் சேர்ந்து போகலாம் என்று. காந்தி சுடப்பட்ட கணத்துக்குப் படம் இல்லை.

ஸ்ரீபெரும்புதூருக்குப் படம் இருந்தது. பத்தாவது சட்டகத்தில் பதிந்திருப்பது வெடிப்பின் ஒளிதான். ஹூப்பர் மாண்டலேயில் தகடு தகடாக வீணாக்கித் தேடியதை 1991இல் ஒரு மலிவான காமிரா எடுத்துவிட்டது, எடுத்தவனுடைய உயிரும் அதில் போயிற்று. ஹூப்பர் நின்ற தூரம் ஹரிபாபுவுக்கு வாய்க்கவில்லை. பெரிய காமிராவோடு கூடவே இருந்த அந்தப் பாதுகாப்பான தூரத்தையும் சின்னக் காமிரா ஒழித்துவிட்டது என்று தோன்றுகிறது. அரசு ஆவணமாக முடிந்தது மட்டும் இரண்டுக்கும் பொது.

கடைசியாக அதே ஊரின் இன்னொரு காமிரா. 1990களின் பிற்பாதியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று வயல்கள் சிப்காட் ஆயின. 1998இல் ஹூண்டாய் கார், 2006இல் நோக்கியா, 2014இல் நோக்கியா மூடல், பிறகு பாக்ஸ்கான். 2019இலிருந்து சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் பூட்டப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் காமிரா உண்டு. ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் படம் எடுக்கிற காமிரா. யாரும் யாருக்காகவும் மூச்சை அடக்க வேண்டியதில்லை. நேர நெருக்கடி காமிராவை விட்டு அதைச் செய்கிற இடத்துக்கு இடம் மாறிவிட்டது. லைன் ஓடுகிறது, அதன் வேகத்துக்குக் கை ஓட வேண்டும். "லைன் நிக்கக் கூடாது" என்பதுதான் இந்தச் சாலையில் வேலை செய்யும் பெண்கள் தினமும் கேட்கிற வாக்கியம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே மாகாணத்து உடல்களிடம் கேட்கப்பட்டதற்கு நேர் எதிர்.

2021 டிசம்பர் நடுவில் அந்த ஆலைத் தொழிலாளிகளின் விடுதி ஒன்றில் சாப்பாடு விஷமாகி 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கூட இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று சரியான தகவல் வராததால், டிசம்பர் 17 இரவு மற்றப் பெண்கள் ஆலைக்குப் போகாமல் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். எழுந்திருக்கச் சொன்னார்கள், எழவில்லை. மார்கழிப் பனியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. போலீஸ் பலரைப் பிடித்துக்கொண்டு போனது, பிறகு விட்டது. அந்தக் காலையில் எடுத்த படங்களில் அடுக்கி வைத்த வரிசை எதுவும் இல்லை. நெருக்கியடித்து, தோளோடு தோள், துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு, சிலர் காமிராவைப் பார்க்கிறார்கள், பலர் பார்க்கவில்லை. உற்பத்தி நின்றது. 2022 ஜனவரி 12 அன்றுதான் ஆலை மறுபடி திறந்தது.